20 டாலர் கோட்டும் 350 டாலர் கோட்டும்



சென்ற மாதம் ஒரு நாள், வியாபாரம் ஓய்ந்த மதிய நேரத்தில், எங்கள் பஜாரில் மளிகைக் கடை நடத்தும் ஒரு தம்பி என்னைத் தேடி வந்தார். அவருடைய தகப்பனாரும் நானும் ஒரே காலத்தில் கல்லாவில் உட்கார்ந்தவர்கள். அவர் காலமான பிறகு தம்பிதான் கடையைப் பார்த்துக்கொள்கிறார். கையில் ஒரு வழவழப்பான விலைப்பட்டியல் புத்தகம் வைத்திருந்தார்.

"அண்ணாச்சி, ஒரு ஏஜென்சி வருது. சைக்கிள் ஓட்டுறவங்களுக்கான உடுப்பு. டவுன்ல டாக்டர், இன்ஜினியர்னு காலையில லட்ச ரூபாய் சைக்கிள்ல போறாங்களே, அவங்கதான் வாடிக்கை. நாற்பது சதவீதம் நமக்கு நிக்கும்னு சொல்றாங்க" என்றார்.

புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். பட்டறைத் தொழிலாளி போடுவது போன்ற நீல நிறக் கோட்டு. முட்டியில் இரட்டைத் துணி வைத்த கால்சட்டை. தச்சர் போடுவது போல நான்கு பை வைத்த சட்டை. சட்டை 4,500 ரூபாய், கால்சட்டை 6,000 ரூபாய். முதல் கொள்முதல் ஐந்து லட்சம். விற்காத சரக்கைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். "ஐந்து லட்சத்துக்கு எங்கே போவாய்?" என்று கேட்டேன். கடைப் புரட்டில் இருந்து பாதி, தாயாரின் நகையை அடகு வைத்துப் பாதி என்றார்.

அன்று அவரிடம் "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லவில்லை. "ஒரு வாரம் பொறு, விசாரித்துச் சொல்கிறேன்" என்றேன். விசாரித்ததில் தெரிந்துகொண்டவை நம் எல்லோருக்குமே பயன்படும் என்று தோன்றியதால் இக்கட்டுரையை எழுதுகிறேன். நான் துணி வியாபாரி அல்ல. அரிசியும் பருப்பும் விற்பவன். ஆனால் விலை என்பது எல்லாச் சரக்குக்கும் பொதுவானது.

ஒரு மொத்த வியாபாரியும் ஒரு தையல்காரரும்

உழைப்பாளிகளுக்கென்று தைத்த உடுப்பு உலக வியாபாரமான கதை, நம்மைப் போன்ற ஒரு மொத்த வியாபாரியிடம் தொடங்குகிறது. லீவை ஸ்ட்ராஸ் என்பவர் 1829இல் ஜெர்மனியின் பவேரியா பகுதியில் பிறந்தவர். அமெரிக்காவுக்குக் குடியேறி, 1853இல் சான் பிரான்சிஸ்கோ போய், துணிமணிகளை மொத்தமாக வாங்கிச் சில்லறைக் கடைகளுக்கு விற்றார். நெவாடா மாநிலத்தின் ரீனோ ஊரில் இருந்த ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரர் அவரிடம் துணி வாங்கும் வாடிக்கையாளர்.

ஒரு கூலித் தொழிலாளியின் மனைவி டேவிஸிடம் வந்து, தன் கணவரின் கால்சட்டை சீக்கிரம் கிழிந்துவிடுகிறது, கிழியாமல் ஒன்று தைத்துத் தர வேண்டும் என்று கேட்டார். குதிரைப் போர்வையில் வார் பொருத்துவதற்காக டேவிஸிடம் செம்பு ஆணிகள் இருந்தன. பை கிழிந்து தொங்கும் முனைகளில் அந்த ஆணியை வைத்து அடித்தார். 3 டாலருக்கு அந்தக் கால்சட்டை விற்றது. கேட்டு வருவோர் பெருகினார்கள்.

காப்புரிமை வாங்க 68 டாலர் கட்டணம். டேவிஸிடம் அது இல்லை. 1872இல் துணி தந்த மொத்த வியாபாரிக்கே கடிதம் எழுதினார். ஸ்ட்ராஸ் பணம் போட்டார். 1873 மே 20 அன்று இருவர் பெயரிலும் அமெரிக்கக் காப்புரிமை 139,121 என்ற எண்ணில் பதிவானது.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்தச் சரக்கின் கூடுதல் விலைக்கு என்ன ஆதாரம் என்பது. ஆணி கண்ணுக்குத் தெரிந்தது. பையை இழுத்துப் பார்த்தால் கிழியவில்லை. வாங்கியவர் ஆறு மாதம் கழித்தும் அதைச் சோதித்துப் பார்க்கலாம். காப்புரிமைக் காலம் 1890 வாக்கில் முடிந்து, யார் வேண்டுமானாலும் ஆணி அடிக்கலாம் என்றான பிறகும் அந்தக் கம்பெனி நிலைத்து நின்றது.

சைக்கிளுக்கு என்ன வேண்டும்?

சைக்கிள் ஓட்டுபவருக்குத் தனி உடுப்பு வேண்டுமா என்று கேட்டால், கொஞ்சம் வேண்டும் என்பதே நேர்மையான பதில். நானே இளவயதில் நிலுவை வசூலுக்கு நாள் முழுக்கச் சைக்கிளில் சுற்றியவன். கால்சட்டையின் வலது கால் பல்சக்கரத்தில் மாட்டிக் கிழியும், இல்லையென்றால் செயின் எண்ணெய் அப்பும். அதற்குத்தான் பேண்ட் கிளிப் போட்டுக்கொண்டோம். குனிந்து மிதிக்கும்போது சட்டை மேலேறி முதுகு தெரியும். சீட்டில் உரசி உரசிக் கால்சட்டையின் உட்காருமிடம் முதலில் நைந்து போகும். இரவில் பின்னால் வரும் லாரிக்காரர் கண்ணில் நாம் பட வேண்டும். இவை எல்லாம் உண்மையான குறைகள்.

அமெரிக்காவில் இந்தக் குறைகளையே மூலதனமாக வைத்துச் சிலர் தொழில் தொடங்கினார்கள். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஏப் பர்மைஸ்டர் என்பவர் வேலைக்குச் சைக்கிளில் போய் வந்ததில் நல்ல கால்சட்டைகள் எல்லாம் நைந்து போயின. அலுவலகத்திலும் உட்காரத்தக்கதாக, சைக்கிளிலும் தாங்கத்தக்கதாக ஒரு கால்சட்டை வேண்டும் என்று தேடினார். டைலர் கிளெமென்ஸ் என்பவருடன் சேர்ந்து 2008இல் 'அவுட்லையர்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். இழுத்தால் நீளும், தண்ணீர் பட்டால் வழிந்தோடும் உயர்ந்த ரகத் துணி. விலை நூறு டாலரைத் தாண்டியது. ஆனாலும் வாங்கியவருக்கு ஏன் அந்த விலை என்பது தெரிந்திருந்தது.

2011இல் லீவைஸ் கம்பெனியே இந்தப் பக்கம் வந்தது. 'கம்யூட்டர்' என்ற பெயரில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களுக்கான ஜீன்ஸ். உட்காருமிடத்தில் கூடுதல் பலம். இடுப்பின் பின்புறம் சைக்கிள் பூட்டைச் செருக ஒரு பட்டி. காலை மடித்து விட்டால் வெளிச்சத்தில் மின்னும் நாடா. தண்ணீர் ஒட்டாத பூச்சு. விலை ஏறத்தாழ 80 டாலர். இதுவரையில் செம்பு ஆணியின் நியாயம்தான். கூடுதல் காசுக்குக் கூடுதல் வேலை.

350 டாலர் கோட்டு

இனித்தான் கதை திரும்புகிறது. அதே லீவைஸ், கூகுள் நிறுவனத்துடன் சேர்ந்து 2017இல் ஒரு கோட்டை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அங்கே அதை 'டிரக்கர் ஜாக்கெட்' என்பார்கள். ஜாக்கெட் என்று நான் எழுதினால் நம் பக்கத்தில் வேறு பொருளாகிவிடும் என்பதால் கோட்டு என்றே சொல்கிறேன். லாரி ஓட்டுநர் பெயரைத் தாங்கிய உழைப்பாளி உடுப்பு. விற்பதோ சைக்கிளில் அலுவலகம் போகும் வசதியானவர்களுக்கு.

இடது கையின் மணிக்கட்டுப் பட்டியில் மின்சாரம் கடத்தும் நூலை வைத்து நெய்திருந்தார்கள். அதில் ஒரு சிறு கருவியைப் பொருத்தினால் கோட்டும் செல்போனும் பேசிக்கொள்ளும். பட்டியைத் தட்டினால் அழைப்பை எடுக்கலாம். தடவினால் பாட்டு மாறும், அடுத்த திருப்பம் எந்தப் பக்கம் என்று காதில் சொல்லும். கைப்பிடியை விட்டுப் போனை எடுக்க வேண்டாம் என்பது விளம்பரம்.

விலை 350 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் 22,000 ரூபாய்க்கு மேல். அதே கம்பெனியின் சாதாரணக் கோட்டு 100 டாலருக்குள் கிடைத்துக்கொண்டிருந்தது. ஆக, 250 டாலர் அந்தப் பட்டிக்கும் அதைப் பற்றிய பேச்சுக்கும்.

இந்தக் கோட்டை எத்தனை முறை துவைக்கலாம்? சுமார் பத்து முறை என்று தயாரித்தவர்களே சொன்னார்கள். துணி கிழிந்துவிடும் என்பதல்ல. பத்துத் துவைப்புக்கு மேல் பட்டியின் நூல் வேலை செய்யும் என்று அவர்கள் உறுதி தரவில்லை. 1873இல் கிழியக் கூடாது என்பதற்காக ஆணி அடித்த கம்பெனியின் பெயரில், 2017இல் பத்துத் துவைப்புக் கோட்டு. வியர்வை சிந்திச் சைக்கிள் மிதிப்பவரின் உடுப்பைப் பத்து முறைதான் நனைக்கலாம் என்றால், அதை உழைப்பாளி உடுப்பு என்று சொல்வது எப்படி?

2019இல் அடுத்த ரகத்தை 198 டாலருக்குக் கொண்டு வந்தார்கள். 2023இல் இதற்கான செல்போன் செயலியையே கூகுள் நிறுத்திவிட்டது. அன்றோடு பட்டியும் ஊமையானது. கோட்டு மிஞ்சியது, 350 டாலர் கொடுத்தவரிடம் 100 டாலர் கோட்டு இருந்தது. வாங்கியவரின் தவறு ஒன்றும் இல்லை. விலையின் பெரும்பகுதி எங்கோ ஒரு அலுவலகத்தில் ஒருவர் விசையைத் திருப்பினால் மறைந்துவிடக்கூடிய பொருளின் மேல் நின்றது, அவ்வளவுதான்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள் நம் பெரியவர்கள். இங்கே சுமைகூலியையும் சரக்கு என்றே பில் போட்டிருக்கிறார்கள்.

20 டாலர் கோட்டு

இதற்கு நேர் எதிரான ஒரு மனிதரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பில் கன்னிங்ஹாம் என்பவர் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் புகைப்படக்காரர். உலகத்தின் மிக விலையுயர்ந்த உடுப்புகளைப் படம் பிடிப்பதே அவர் தொழில். பல பத்தாண்டுகள் அந்த மாநகரத்தின் தெருக்களில் சைக்கிளிலேயே சுற்றினார். அவருடைய சைக்கிள்கள் திருடு போனது இருபது முறைக்கும் மேல். ஒவ்வொரு முறையும் இன்னொன்று வாங்கிக்கொண்டார். 2016இல் தம் 87ஆம் வயதில் காலமானார். அவரைப் பற்றி 2010இல் ஒரு ஆவணப்படமும் வந்தது.

அவர் அணிந்தது என்ன தெரியுமா? பிரான்சில் தெருக் கூட்டுவோரும் பட்டறைத் தொழிலாளர்களும் போடும் நீல நிறப் பருத்திக் கோட்டு. பாரிஸில் சுத்தியலும் ஆணியும் விற்கும் பல்பொருள் கடை ஒன்றில் சுமார் 20 டாலருக்கு வாங்குவார். பை நிறைய உண்டு, ஃபிலிம் சுருள் வைக்கலாம். மழைக் கோட்டு கிழிந்தால் ஒட்டு நாடாவை ஒட்டிக்கொண்டு மறுபடி போட்டுக்கொள்வார்.

பிறகு நடந்ததுதான் வியாபாரிகள் கவனிக்க வேண்டியது. அந்த எளிய நீலக் கோட்டையே நாகரிக உடை நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன. அதே வெட்டு, அதே மூன்று பை, பெரும்பாலும் அதே பருத்தி. புதிதாகவே பழசு போல வெளுக்க வைத்து, கழுத்தில் வேறு பெயர் தைத்து, பல நூறு டாலருக்கு விற்றார்கள், இன்றும் விற்கிறார்கள். தம்பி கொண்டு வந்த புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருந்ததும் ஏறத்தாழ அந்தக் கோட்டுதான்.

இதில் சட்ட விரோதம் எதுவும் இல்லை. ஆசைப்பட்டு வாங்குபவர் வாங்கட்டும். கதை சொல்லி விற்பது தவறு என்றும் நான் சொல்ல மாட்டேன். நம் ஊர்க் கைலித் துணிக் கட்டம் அமெரிக்காவில் 'மெட்ராஸ்' சட்டையாகப் போனபோது துவைத்தால் சாயம் போனது. 1960களில், சாயம் போவதற்கு உத்தரவாதம் என்று சொல்லியே அங்கே விளம்பரம் செய்து விற்றார்கள். குறையை முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். கட்டங்கள் ஒன்றில் ஒன்று கலந்து வெளுப்பதே அழகு என்றார்கள். துணியும் பல ஆண்டு உழைத்தது. அதுவும் கதைதான். ஆனால் சரக்கு அந்தக் கதைக்குக் கட்டுப்பட்டு நின்றது.

பெரிய வீட்டுக் கணக்கு

"அதெல்லாம் சரி அண்ணாச்சி, விக்குதா இல்லையா? அதைச் சொல்லுங்க" என்று தம்பி கேட்டார். நியாயமான கேள்வி.

சைக்கிள் உடுப்பில் உலகப் புகழ் பெற்ற ஒரு பெயர் 'ரஃபா'. 2004இல் லண்டனில் சைமன் மொட்ராம் என்பவர் தொடங்கினார். பந்தய உடுப்பில் ஆரம்பித்து, சைக்கிளில் வேலைக்குப் போவோருக்கான ஜீன்ஸ், நகர உடுப்பு என்று விரிந்தது. தைப்பு நன்றாக இருக்கும், விலையும் அதற்கேற்ப உயரத்தில் இருக்கும். பெரும்பாலும் சொந்தக் கடையிலும் இணையம் வழியாகவும் நேரே விற்றார்கள். கடை என்றால் காபி குடித்துக்கொண்டே பந்தயம் பார்க்கும் கூடம். இடையில் நம்மைப் போன்ற வியாபாரிக்கு அங்கே பெரிதாக இடமில்லை.

2017இல் இந்த நிறுவனத்தின் பெரும் பங்கு கை மாறியது. மதிப்பு 20 கோடி பவுண்டு என்று செய்தி. நம் கணக்கில் 1,600 கோடி ரூபாய்க்கு மேல். வாங்கியவர்கள் யார் என்று கேட்டால் நீங்கள் வியப்பீர்கள். வால்மார்ட் கடைகளை 1962இல் தொடங்கிய சாம் வால்டனின் பேரன்மார் இருவர். யாரும் விற்காத மலிவு விலையில் விற்றுத் தாத்தா சேர்த்த செல்வம், விலை கூடிய சைக்கிள் உடுப்பில் முதலாகப் போனது.

வாங்கியதற்குப் பிறகு ஆண்டுக்கு ஆண்டு அந்த நிறுவனத்தின் கணக்கு நட்டத்தையே காட்டி வந்தது. 2020இல் கொரோனா காலத்தில் உலகம் முழுக்கச் சைக்கிளுக்குக் கிராக்கி வந்தது. எல்லோரும் ஆர்டரைக் கூட்டினார்கள். சரக்கு வந்து இறங்கிய வேளையில் கிராக்கி போய்விட்டது. 2022, 2023 ஆண்டுகளில் கிடங்குகள் நிரம்பித் தள்ளுபடி மேல் தள்ளுபடி. இங்கிலாந்தின் பெரிய இணையவழிச் சைக்கிள் கடையான 'விக்கிள்' 2023 அக்டோபரில் கடனை அடைக்க முடியாமல் நிர்வாகிகள் கைக்குப் போனது.

விலை கூடிய சரக்கில் தள்ளுபடி என்பது பெரிய ஆபத்து. பருப்பு விலை இறங்கினால் வாடிக்கையாளர் கூடுதலாக ஒரு கிலோ வாங்குவார். 6,000 ரூபாய்க் கால்சட்டையை 3,500க்கு ஒரு முறை பார்த்துவிட்டவர், பிறகு 6,000 கொடுக்கவே மாட்டார். அடுத்த தள்ளுபடிக்குக் காத்திருப்பார். முன்பு முழு விலை கொடுத்தவர் தாம் ஏமாந்ததாக நினைப்பார். வால்டன் வீட்டுப் பேரன்மார் பல ஆண்டு நட்டத்தைத் தாங்குவார்கள். தாயார் நகையைத் தாங்கு கட்டையாக வைத்தவர் எத்தனை மாதம் தாங்குவார்?

நாற்பது சதவீதம் என்னும் மாயம்

நம் தம்பிமார் பலர் சதவீதத்தைப் பார்க்கிறார்கள், சுழற்சியைப் பார்ப்பதில்லை. அன்று ஒரு பழைய சிட்டையின் பின்புறத்தில் அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். உதாரணத்துக்காகத்தான், உங்கள் கடைக்கு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மளிகையில் ஐந்து லட்சம் முதல். மூன்று சதவீதம்தான் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு புரட்டுக்கு 15,000 ரூபாய். மாதம் இரண்டு புரட்டு என்றால் ஆண்டுக்கு 24. ஆக 3,60,000 ரூபாய்.

உடுப்பில் அதே ஐந்து லட்சம். கொள்முதல் மேல் நாற்பது சதவீதம். ஒன்று விடாமல் விற்றால் 2,00,000 ரூபாய். ஆண்டுக்கு ஒரு புரட்டே ஆகும். ஒன்று விடாமல் விற்குமா? மூன்றில் ஒரு பங்கு நின்றுவிட்டது, அதைக் கொள்முதலில் பாதி விலைக்குத் தள்ளினோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்தது மொத்தம் 5,50,000. லாபம் 50,000. இதில் அடகு வட்டியைக் கழித்தால் என்ன மிஞ்சும் என்று தம்பியையே எழுதச் சொன்னேன். பேனாவை எடுத்தவர் எழுதாமலே கீழே வைத்தார்.

ஏன் மூன்றில் ஒரு பங்கு நிற்கும்? துவரம் பருப்புக்கு அளவு கிடையாது. யார் வந்து கேட்டாலும் அதே மூட்டைதான். உடுப்பில் ஒரு மாதிரிக்கு ஐந்து அளவு, மூன்று நிறம் என்றால் பதினைந்து வகைச் சரக்கு. வருகிறவர் நடுத்தர அளவு நீலத்தைக் கேட்பார்; அலமாரியில் மிகப் பெரிய அளவுப் பச்சைதான் இருக்கும்.

வரியையும் மறக்கக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் உடுப்புக்கு, ஒன்றின் விலை 2,500 ரூபாய் வரை 5 சதவீதமும், அதற்கு மேல் 18 சதவீதமும் ஜி.எஸ்.டி. என்று ஆகியிருக்கிறது. விலைப்பட்டியலில் இருந்த சட்டை, கால்சட்டை இரண்டுமே 18இல் விழுபவை.

நான் பட்ட அடி

இவ்வளவு தெளிவாகப் பேசும் நான் ஏமாறாதவன் என்று நினைக்க வேண்டாம். 1996இல் ஒரு சத்து பானத் தூளுக்கு ஏஜென்சி எடுத்தேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். வழக்கமான பானத்தைப் போல இரண்டு மடங்கு விலை. வெளிநாட்டு விளையாட்டு வீரர்கள் குடிப்பது என்றார்கள். டப்பா அவ்வளவு அழகு. உள்ளே என்ன கூடுதல் என்று நான் கேட்கவே இல்லை. எத்தனை சதவீதம் என்றுதான் கேட்டேன். 200 பெட்டி எடுத்தேன், 40 பெட்டி விற்றது. மீதிக்குக் கெடு தேதி முடிந்தது. பிரதிநிதி தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டார். அந்த ஆண்டு என் மகனுடைய பள்ளிக் கட்டணத்தைக் கைமாற்று வாங்கிக் கட்டினேன்.

பணம் போனதைவிட எனக்குச் சுட்டது வேறு. என் பேச்சை நம்பி இருபது பெட்டி எடுத்த ஒரு கிராமத்துக் கடைக்காரர், அதன் பிறகு என்னிடம் சரக்கு எடுப்பதையே விட்டுவிட்டார். அவரும் அதே கதையைத் தம் வாடிக்கையாளரிடம் சொல்லித்தானே விற்றிருப்பார்? கம்பெனி ஊர் மாறிப் போய்விடலாம். கடைக்காரர் காலையில் அதே தெருவில்தான் கடை திறந்தாக வேண்டும்.

டப்பா மட்டும் நல்லது. இன்றைக்கும் என் வீட்டு அடுக்களையில் கடுகும் சீரகமும் அதில்தான் இருக்கின்றன.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

எந்த விலை கூடிய சரக்குக்கும் ஏஜென்சி எடுக்கும் முன் இந்த ஐந்தையும் கேளுங்கள். உடுப்பானாலும் சரி, செக்கு எண்ணெய் ஆனாலும் சரி, அழகு டப்பாவில் வரும் தேயிலை ஆனாலும் சரி.

1. கூடுதல் விலைக்கான காரணத்தைக் கையால் தொட்டுக் காட்ட முடியுமா? செம்பு ஆணி போல, இருட்டில் மின்னும் நாடா போல, ஏதாவது ஒன்று இருக்க வேண்டும்.

2. அந்தக் காரணம் எத்தனை நாள் நிற்கும்? பத்துத் துவைப்பா, பத்து ஆண்டா? அது வேறொருவர் கையில் இருக்கிறதா?

3. விற்காத சரக்கைத் திருப்பி எடுப்பார்களா? அளவையாவது மாற்றித் தருவார்களா? இதை வாய்ச்சொல்லாக ஏற்காமல் எழுத்தில் வாங்க வேண்டும்.

4. அதே சரக்கைக் கம்பெனியே இணையத்தில் விற்கிறதா? விற்றால் தள்ளுபடி நாளில் உங்கள் விலை என்ன ஆகும்?

5. வாங்கிப் போனவர் ஒரு வருடம் கழித்து வந்து நின்றால், அவர் முகத்தைப் பார்த்துப் பேச உங்களால் முடியுமா?

முதல் நான்கும் முதலைக் காக்கும். ஐந்தாவது கடையைக் காக்கும்.

தம்பி இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனார். மூன்றாவது கேள்வியை மட்டும் கம்பெனிக்குக் கடிதமாக எழுதிப் போட்டார். திருப்பி எடுப்பதும் அளவு மாற்றுவதும் தங்கள் விதிமுறையில் இல்லை என்று பதில் வந்தது. கூடவே, இந்த மாத இறுதிக்குள் பணம் கட்டினால் இரண்டு சதவீதம் கூடுதல் கழிவு என்றும் எழுதியிருந்தார்கள்.

போன வாரம் அரிசி லாரி வந்த அன்று கிடங்குக்கு வந்திருந்தார். புத்தகத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இருபது மூட்டை பொன்னி எடுத்து, ரொக்கமாகவே கொடுத்துவிட்டுப் போனார். நகை வீட்டிலேயே இருக்கிறது என்று தாயார் என் வீட்டுப் பெண்களிடம் சொன்னதாகக் கேள்வி.

விலை கூடிய சரக்கை விற்கவே கூடாது என்பது என் கருத்தல்ல. நல்ல நெய்க்கும் நல்ல புளிக்கும் கூடுதல் விலை கேட்கிறோம். மனமார வாங்கிப் போகிறார்கள். ஏனென்றால் வீட்டில் போய் முகர்ந்தால் தெரிகிறது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நாம் ஒவ்வொருவரும் நம் அலமாரியை ஒரு முறை பார்த்து, எந்தச் சரக்கின் விலை சரக்கில் இருக்கிறது, எதன் விலை பேச்சில் இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்போம். பேச்சில் நிற்கும் சரக்கைக் குறைவாக வாங்குவோம், சீக்கிரம் விற்போம், கடன் வாங்கி மட்டும் வாங்க வேண்டாம்.

வாழ்க வணிகம்! வளர்க நம் ஒற்றுமை!